ஏமாறப் போகிறவர் கடைசியாக நிற்பது உங்கள் கடையில்: யாழ்ப்பாண வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வணிகர் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், கடை நடத்தும் ஒவ்வொருவருக்கும்,

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் தொலைபேசி மோசடி பற்றி ஒரு பக்க அறிவித்தல் தாள் ஒன்றைத் தயாரித்து, அதைக் கடைகளில் ஒட்டித் தரும்படி கேட்டது. நன்கொடை கேட்கவில்லை. காசு வாங்கும் மேசைக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு சாண் இடம் மட்டுமே கேட்டோம். உங்கள் சங்கங்களில் ஒன்று இதற்காகவே கூடிப் பேசி, வாய்மொழியாகப் பதில் அனுப்பியது: "இது பொலிஸார் செய்ய வேண்டிய வேலை. கடையில் இப்படி ஒட்டினால் வருகிற சனம் பயந்துவிடும்."

எந்தச் சங்கம் என்பதை நான் இங்கே எழுதவில்லை. பிறகு நாங்கள் ஏறி இறங்கிய பல கடை வாசல்களிலும் இதே பதில்தான் கிடைத்தது. அதனால்தான் இந்த மடலை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். அந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், படிவம் நிரப்பவும் முறைப்பாடு எழுதவும் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "பணத்தை எங்கே வைத்து அனுப்பினீர்கள்?" என்பது. பதிலில் எப்போதும் ஒரு கடை இருக்கிறது. தொலைபேசி இலக்கங்களுக்குப் பணம் அனுப்பித் தரும் சந்திக் கொமினிக்கேஷன் கடை, அடகு பிடிக்கும் நகைக்கடை, போட்டோப் பிரதி எடுக்கும் இடம், ஸ்ரூடியோ, அல்லது வங்கி வாசலில் இருக்கும் பணம் வைப்பிலிடும் இயந்திரம். முகம் தெரியாத மோசடிக்காரன் எங்கோ இருக்கிறான். ஏமாறப் போகிறவர் மட்டும் உங்கள் முன்னால் நிற்கிறார்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கணவன் கட்டாரில் வேலை செய்யும் ஒரு பெண். கைத்தொலைபேசி நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன், அவருக்குப் பெரிய பரிசு விழுந்திருப்பதாகவும், பதிவுக் கட்டணத்தை உடனே கட்டாவிட்டால் பரிசு அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறான். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்றும் கட்டளை. அவர் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு சந்திக் கடைக்குப் போனார். பணம் அனுப்ப வேண்டிய இலக்கம் அவருடைய உள்ளங்கையில் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. கடையில் நின்ற பையன் கையைப் பார்த்து இலக்கத்தைத் தட்டினான், பதினையாயிரம் ரூபாவை வாங்கி அனுப்பினான். சற்று நேரத்தில் அவர் திரும்பி வந்து இருபதாயிரம் அனுப்பினார். மூன்றாவது முறை வருவதற்கு முன் அவர் போனது அடகுக் கடைக்கு. அங்கே அவருடைய காப்பைத் தராசில் நிறுத்து, கொப்பியில் பதிந்து, பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். அப்போதும் தொலைபேசி காதில்தான் இருந்தது. வியர்வையில் உள்ளங்கை எழுத்து அழிந்து போயிருந்ததால், இலக்கத்தை மீண்டும் சொல்லும்படி அவர் அந்தக் கள்ளனிடமே கேட்டிருக்கிறார். பையன் காத்திருந்து, அவர் சொல்லச் சொல்லத் தட்டி, முப்பத்தையாயிரத்தையும் அனுப்பினான்.

இரண்டு கடைகளிலும் அவரைப் பல வருடமாகத் தெரிந்தவர்களே இருந்தார்கள். "என்ன அக்கா, ஏன் இப்படிப் பதறுகிறீர்கள்? யாருக்கு அனுப்புகிறீர்கள்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிறகு நான் அந்தப் பையனிடம் பேசினேன். அவனுக்கும் ஏதோ பிழை என்று தோன்றியிருக்கிறது. "வாடிக்கையாளர்களின் சொந்த விடயத்தில் தலையிடக் கூடாது என்று முதலாளி சொல்லியிருக்கிறார், அன்ரி" என்றான். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. அந்த உத்தரவைப் போட்ட முதலாளிமேல் இருக்கிறது.

இந்த மோசடி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அழைப்பைத் துண்டிக்காதே என்பதும், வீட்டில் சொல்லாதே என்பதும், இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்பதும் ஒரே நோக்கத்துக்காகச் சொல்லப்படுகின்றன. இன்னொரு மனிதக் குரல் அவர் காதில் விழக் கூடாது. விழுந்தால் அவருக்குத் தெளிவு வந்துவிடும் என்பது கள்ளனுக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் அவருக்கு மிக அருகில் இருக்கும் குரல் உங்களுடையது, அல்லது உங்கள் கடையில் வேலை செய்யும் பிள்ளையுடையது. பொலிஸ்காரர் அங்கே இல்லை, கிராம அலுவலரும் இல்லை. நாங்கள் முறைப்பாடு எழுதிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது, பணம் வேறு ஊரில் எடுக்கப்பட்டிருக்கும். பணம் போன சிம் அட்டை, ஒன்றுமே அறியாத யாரோ ஒருவருடைய அடையாள அட்டை இலக்கத்தில் பதியப்பட்டிருக்கும். அதன் பிறகு பொலிஸார் எவ்வளவு முயன்றாலும் அந்தக் காப்பு திரும்பி வராது. ஆகவே "இது பொலிஸாரின் வேலை" என்ற பதில், பணம் போன பிறகு நடக்கும் வேலைக்கு மட்டுமே பொருந்தும். போகாமல் தடுக்கும் வேலை கடையில்தான் நடக்க முடியும்.

உங்களுக்கு அது தெரியாத வேலையும் அல்ல. ஐயாயிரம் ரூபாக் கள்ள நோட்டு ஒன்று எங்காவது மாட்டினால், மத்தியானத்துக்குள் கஸ்தூரியார் வீதியிலிருந்து நெல்லியடி வரை எல்லாக் கடைக்காரருக்கும் செய்தி போய்விடுகிறது. நோட்டின் இலக்கம், கொண்டு வந்தவன் போட்டிருந்த சட்டையின் நிறம், வந்த மோட்டார் சைக்கிள் எல்லாமே வாட்ஸ்அப்பில் வருகின்றன. வங்கிக்குப் பணம் போட்டதாகப் பொய்யான படத்தைக் காட்டிப் பொருளை எடுத்துக்கொண்டு போன கும்பல் பற்றியும் இப்படித்தான் ஒருவரை ஒருவர் எச்சரித்தீர்கள். கணக்கில் பணம் விழுந்த பிறகே பொருள் தரப்படும் என்று பல கடைகளில் கொட்டை எழுத்தில் ஒட்டியும் இருக்கிறீர்கள். அந்த அறிவித்தலைப் பார்த்து எந்த வாடிக்கையாளர் பயந்து ஓடினார்? உங்கள் பணம் போகும்போது ஒட்ட முடிந்த தாளை, எங்கள் பணம் போகும்போது ஏன் ஒட்ட முடியாது?

சனம் பயந்துவிடும் என்பதற்கு இன்னும் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பெண் இழந்த எழுபதாயிரம் ரூபா, தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பாகவும், தை மாதத்தில் கொப்பி, சப்பாத்தாகவும், மாதா மாதம் அரிசி, மா, சீனியாகவும் உங்கள் கடைகளுக்கே வந்திருக்கும். இப்போது அந்தக் குடும்பம் அடகு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. பலசரக்குக் கடையில் கடன் கொப்பி நீண்டுகொண்டு போகிறது. எங்கள் இழப்பு வேறு, உங்கள் இழப்பு வேறு என்று நினைக்காதீர்கள்.

2022இல் நாடு வங்குரோத்தாகி, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு, எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்ற தவிப்பு இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்தத் தவிப்பை வைத்துப் பிழைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். கனடாவுக்கு விசிற் விசா, ஐரோப்பாவில் தோட்ட வேலை, போலந்தில் தொழிற்சாலை என்று முகநூலில் படம் போட்டு முற்பணம் வாங்குகிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற எவரும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, சொல்லப்படுகிற முகவருக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்கலாம். இது எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால் வெளியே போக நினைக்கிற ஒவ்வொருவரும் முதலில் ஸ்ரூடியோவில் விசா அளவுப் படம் எடுக்கிறார். பிறகு பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பிக்கிறார், கட்டுக் கட்டாகப் போட்டோப் பிரதி எடுக்கிறார். பணம் போவதற்கு முன்பே இந்த மூன்று இடங்களுக்கும் அவர் வந்துவிடுகிறார். படத்தை வெட்டி உறையில் போட்டுக் கொடுக்கிறீர்கள் அல்லவா, அந்த உறையின் பின்புறத்தில் 1989 என்ற இலக்கத்தையும் ஒரு வரியையும் அச்சடித்தால் போதும். இதற்கு என்ன செலவு?

அடுத்து, போலிப் பக்கங்கள். பெயர் பெற்ற புடைவைக் கடை ஒன்றின் பெயர்ப்பலகைப் படத்தைத் திருடி, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் முகநூலில் போலிப் பக்கம் ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். பகிர்ந்தால் பரிசு என்று தொடங்கி, பரிசை அனுப்ப வங்கி அட்டை விபரமும் தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எனும் ஒருமுறை இரகசிய இலக்கமும் கேட்டார்கள். பரிசு வாங்கக் கடைக்கே நேரில் வந்தவர்களிடம், "அது எங்களுடையது அல்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே கடைக்கு விடயம் தெரிந்திருக்கிறது. ஆனாலும் தங்கள் சொந்தப் பக்கத்தில் ஒரு வரி போடவில்லை, வாசலில் ஒரு பலகை வைக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது, "எங்கள் பெயர் கெட்டுவிடும்" என்றார்கள். உங்கள் பெயரை வைத்து ஒருவன் திருடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மௌனமாக இருந்தால்தான் பெயர் கெடும். "எங்கள் பெயரில் மோசடி நடக்கிறது, ஏமாறாதீர்கள்" என்று முதலில் சொல்லும் கடையை இந்த ஊர் நம்பும். நான் அந்தக் கடைக்குத்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன்.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். கள்ளர் கையில் எங்கள் விபரங்கள் எப்படிச் சேருகின்றன என்பதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. பண்டிகைக் காலத்தில் அதிர்ஷ்டச் சீட்டு என்று பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், சில இடங்களில் அடையாள அட்டை இலக்கமும் எழுதி வாங்கி, வாசலில் பூட்டில்லாத பெட்டியில் போட வைக்கிறீர்கள். குலுக்கல் முடிந்த பிறகு அந்தச் சீட்டுகளுக்கு என்ன நடக்கிறது? போட்டோப் பிரதிக் கடைகளில் பிழையாக விழுந்த பிரதிகள் மேசைக்குக் கீழே குவிகின்றன. முனியப்பர் கோயிலடியில் நான் வாங்கிய கடலைச் சரை ஒன்றைப் பிரித்தபோது, அது ஒரு பெண்ணின் அடையாள அட்டைப் பிரதியாக இருந்தது. முகமும் பெயரும் இலக்கமும் எண்ணெய்க் கறைக்கு நடுவில் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் காகிதம் எந்தக் கடையிலிருந்து பழைய பேப்பராகப் போனதோ தெரியாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் பிழையாக விழுந்த பிரதியை அந்த இடத்திலேயே நாலாகக் கிழிப்பதற்குச் சட்டம் எதற்கு?

மண்டபம் வைத்திருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. ஆள் சேர்த்தால் பணம், சேர்ந்தவர் இன்னும் ஆள் சேர்த்தால் மேலும் பணம் என்ற பிரமிட் திட்டங்களின் கூட்டங்கள் மண்டபங்களிலும் விடுதிகளிலும்தான் நடக்கின்றன. கோட் அணிந்த ஒருவர் திரையில் காரும் வீடும் காட்டுகிறார். அவருக்கு முன்னால் ஓய்வூதியப் பணத்தோடு ஆசிரியர்களும் வேலை கிடைக்காத பட்டதாரிகளும் இருக்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு இத்தகைய திட்டங்களைத் தடை செய்கிறது. அவற்றை நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் விளம்பரம் செய்வதும்கூடக் குற்றம். தடை செய்யப்பட்ட திட்டங்களை நடத்தியதாகக் கண்டறிந்த நிறுவனங்களின் பெயர்களை மத்திய வங்கி பட்டியலாக வெளியிட்டிருக்கிறது. கலியாணத்துக்கு மண்டபம் கேட்டால் திகதி, நேரம், எத்தனை பேர், சைவமா அசைவமா என்று எல்லாம் விசாரிக்கிறீர்கள். "பயிற்சிப் பட்டறை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் மட்டும் ஏன் நிறுவனத்தின் பெயரைக் கேட்டு அந்தப் பட்டியலைப் பார்க்கக் கூடாது? துண்டுப் பிரசுரம் அடிக்கும் அச்சகத்தாருக்கும் இதே கேள்விதான்.

நடைமுறைக்கு ஒத்துவராத கனவு எதையும் நான் கேட்கவில்லை. எங்கள் உறவுகள் வாழும் நாடுகளில் வணிகர்கள் இதைச் செய்கிறார்கள். பிரித்தானியாவில் வங்கிக் காசாளர்களுக்கு இதற்கென்றே பயிற்சி கொடுக்கிறார்கள். வயதான ஒருவர் வழக்கத்துக்கு மாறாகப் பெருந்தொகை எடுக்க வந்தால், காசாளர் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துக் காரணம் கேட்பார், சந்தேகம் வந்தால் பொலிஸுக்கு அறிவிப்பார். 2016இல் லண்டனில் தொடங்கிய இந்த ஏற்பாடு பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. கனடாவில் வரித் திணைக்களத்தின் பெயரில் மிரட்டி, கடைகளில் விற்கும் பரிசு அட்டைகளை வாங்க வைத்து அவற்றின் இலக்கங்களைப் பறித்தார்கள். அங்கே பரிசு அட்டை தொங்கும் இடத்திலேயே எச்சரிக்கை ஒட்டினார்கள், கட்டுக் கட்டாக வாங்க வருகிற முதியவர்களைப் பணியாளர்கள் நிறுத்திக் கேட்கிறார்கள். மார்ச் மாதம் முழுவதையும் மோசடித் தடுப்பு மாதமாக அங்கே கடைப்பிடிக்கிறார்கள். பெரும் வங்கிகளும் கடைத்தொடர்களும் அங்கே வெட்கப்படாமல் செய்வதைச் செய்ய, திருநெல்வேலிச் சந்தியிலும் சுன்னாகத்திலும் என்ன தடை?

ஆகவே என் கோரிக்கைகள்.

முதலாவதும் முக்கியமானதும் உங்கள் கடையில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றியது. தலையிடாதே என்ற உத்தரவை இன்றே நீக்குங்கள். பணம் அனுப்புகிறவர், நகை அடகு வைக்கிறவர் பதற்றமாக இருந்தால், அல்லது தொலைபேசியில் யாரோ சொல்லச் சொல்லச் செய்தால், "யாருக்கு அனுப்புகிறீர்கள்? அவரை நேரில் தெரியுமா? பரிசுக்கோ பொதிக்கோ வேலைக்கோ கட்டுகிறீர்களா?" என்று கேட்க அவர்களுக்கு உரிமை கொடுங்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, வீட்டில் ஒருவருடன் பேசிய பிறகு வரும்படி சொல்ல விடுங்கள். அப்படிச் சொன்னதால் ஒரு கொடுக்கல் வாங்கல் தவறிப்போனால் அந்தப் பிள்ளையை ஏசாதீர்கள். சந்தேகப்பட்டதற்காக வாடிக்கையாளர் கோபித்தால் முதலாளி முன்னுக்கு வந்து பதில் சொல்லுங்கள். கொமினிக்கேஷன் கடைகளுக்கும் அடகுக் கடைகளுக்கும் சங்கமே ஒரு பிற்பகலில் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். பாதிக்கப்பட்ட பெண்களில் சிலர் வந்து பேசச் சம்மதித்திருக்கிறார்கள்.

அறிவித்தல் தாளை ஒட்டுங்கள். தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கக்கூடிய எழுத்தில், காசு மேசைக்கு நேரே ஒட்டுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977, மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தின் 1935, இணைய மோசடிகளுக்கு, கணினிப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 ஆகிய இலக்கங்கள் அதில் இருக்க வேண்டும். ஓ.டி.பி. இலக்கத்தை வங்கி ஒருபோதும் கேட்காது என்ற வரியும் இருக்க வேண்டும். தாளை நாங்களே அச்சடித்துத் தருகிறோம். முகவரி மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பெயரில் போலிப் பக்கமோ போலிக் குறுஞ்செய்தியோ உலாவுவது தெரிய வந்தால், அன்றைக்கே உங்கள் பக்கத்திலும் வாசலிலும் அறிவியுங்கள், மற்றக் கடைகளுக்கும் சொல்லுங்கள். கள்ள நோட்டுக்கு இயங்கும் அதே வாட்ஸ்அப் குழு இதற்கும் இயங்கட்டும். அதிர்ஷ்டச் சீட்டில் அடையாள அட்டை இலக்கம் கேட்பதை நிறுத்துங்கள், குலுக்கல் முடிந்ததும் சீட்டுகளை எரித்துவிடுங்கள். பிரமிட் திட்டக் கூட்டங்களுக்கு மண்டபம் கொடுக்க மாட்டோம், பிரசுரம் அடிக்க மாட்டோம் என்று மண்டப உரிமையாளர்களும் அச்சகத்தாரும் தீர்மானம் எடுத்துப் பத்திரிகையில் வெளியிடுங்கள்.

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் உங்கள் விளம்பரங்கள் ஒலிபெருக்கியில் ஓயாமல் கேட்கின்றன. அவற்றில் நாளுக்குச் சில நிமிடங்களை இந்த எச்சரிக்கைக்கு ஒதுக்குங்கள். முற்றவெளியில் தை மாதத்தில் நடக்கும் வர்த்தகக் கண்காட்சியில் ஒரு கூடத்தை இலவசமாகத் தாருங்கள். அங்கே வந்து நின்று சனத்துக்கு விளங்கப்படுத்த எங்கள் சங்கத்துப் பெண்கள் தயாராக இருக்கிறார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் உத்தியோகத்தர்களை அழைக்க வேண்டிய பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அழைப்புக் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு எங்களுடையதற்கு இல்லை.

இவை அனைத்தையும் உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் பதில் தரும்படி கேட்கிறேன். இந்த முறை வாய்மொழிப் பதில் வேண்டாம். எங்கள் அங்கத்தவர்களின் கூட்டத்தில் நான் வாசித்துக் காட்ட வேண்டும். பணத்தைப் பறிகொடுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று,
வலிகாமம், யாழ்ப்பாணம்